விளக்குக்காரர் மனைவியின் கோபம்

எங்கள் தீவின் கலங்கரை விளக்கம் ஒரு பெண். விளக்குக்காரரின் மனைவி. அவள் நெற்றியிலிருந்து கிளம்பும் வெளிச்சம் வானம் தெளிந்திருந்தால் அக்கரை வரை தெரியும், மூடுபனி என்றால் பாதிக் கடல் வரை. கோபுரமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதில் புறாக்கள் குடியிருக்கின்றன.

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தெரு, ஒரு படகுத்துறை, ஒரு ஐஸ் தொழிற்சாலை, சுற்றிலும் கப்பலைக் கிழிக்கும் பாறைகள். விளக்குக்காரர் திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து, எந்தப் படகையும் பாறைக்குப் பலி கொடுக்காமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் விளக்குத் துறையின் புது அதிகாரி வந்து சேர்ந்தார். விருந்தினர் விடுதியில் விளக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முகத்தில் அடித்தது. மனுஷன் தூங்க வேண்டாமா? தெருப் பக்கக் கண்ணாடிகளுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்க முடிவு செய்தார். விளக்குக்காரர் எண்ணெய் வாங்க அக்கரை போயிருந்த நாளாகப் பார்த்து, கோபுரத்துக்குள்ளே நின்றபடி, "இடது பக்கம் பூரா அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பெயிண்டர்களோ வெளியே கயிற்றில் கோபுரத்தைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கள் இடது பக்கத்தை அடித்துவிட்டார்கள். கடல் எந்தப் பக்கம் என்றுகூடவா தெரியாது என்று கேட்காதீர்கள். தீவில் எல்லாப் பக்கமும் கடல்தானே! படகுகள் வரும் பாறைப் பக்கம் கும்மிருட்டாகிவிட்டது. தன் அறையில் வெளிச்சம் குறையவே இல்லை என்று அதிகாரி அன்றைக்குச் சத்தம் வேறு போட்டார்.

பொழுது சாய்ந்து திரும்பிய விளக்குக்காரர் தன் விளக்கைத் தேடித் தேடியே பாறையில் மோதினார். பலகைகள் கரை ஒதுங்கின, அவர் ஒதுங்கவில்லை. விசாரணை நடத்தினார்கள். நீரோட்டம்தான் காரணம் என்றார்கள். நீரோட்டமாம்! அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றவளின் நெற்றியில் முதலில் ஒரு புள்ளி எரிந்தது. பிறகு தெரு முழுக்க வெள்ளையாகிவிட்டது. மறுவாரமே விளக்குத் துறையின் ஆட்கள் வந்து, இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது இன்னொரு விளக்கு தண்டம் என்று கோபுரத்து விளக்கைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வயிறு எரிந்தவளை விளக்காக்கிவிட்டு எண்ணெயை மிச்சம் பிடித்த கூட்டம் அது. நாசமாய்ப் போக!

நாங்கள் மட்டும் யோக்கியமா? எந்தக் கோபமும் நாள்பட்டால் கொஞ்சம் தணியத்தானே செய்யும். வெளிச்சம் மங்கும் நாட்களில் சோடாக்கடைக்காரர் அவள் வீட்டுப் பக்கமாகப் போய், "விஷயம் தெரியுமாக்கா, அந்த ஆளுக்குப் பதவி உயர்வாம்" என்பார். குப்பென்று ஏறும். படகுகள் வீடு வந்து சேரும். அவளுடைய நாத்தனார் மட்டும் சோடாக்கடைக்காரரை விளக்குமாற்றால் விரட்டுவாள். "எங்க அண்ணி ஒரு நாளாவது ஒழுங்கா அழட்டுமேடா, பாவிங்களா!"

ஓய்வு பெற்ற பிறகு அந்த அதிகாரி வந்தார். உடம்பு இளைத்து, கைத்தடியோடு, மன்னிப்புக் கேட்க. படகுத்துறையில் நின்றவர்கள் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏனென்றால் வீட்டுக்கு ஒரு ஆள் அப்போது கடலில் இருந்தார். இவர் ஒரு வார்த்தை உருக்கமாகப் பேசி, அவள் மனம் இளகிவிட்டால் என்னாவது? ஆனாலும் வழியை மறிக்க எங்களுக்கு என்ன முகம் இருக்கிறது? ஒதுங்கி நின்றோம்.

அவர் காலில் விழப் போனார். நெற்றி வெளிச்சம் லேசாக நடுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. உடனே புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. எனக்கும் அலுத்துப்போச்சு, ஐயா. மன்னிச்சுட்டுப் படுத்துத் தூங்கணும்னுதான் இருக்கு. ஆனா கடல்ல ஆளுங்க இருக்காங்க. நீங்க கழட்டிட்டுப் போன விளக்கைக் கொண்டாந்து மாட்டச் சொல்லுங்க. அப்புறம் வாங்க, மன்னிக்கிறேன்."

"இப்ப என் பேச்சை யாரும்மா கேக்கிறாங்க?" என்றார் அவர்.

அவ்வளவுதான். வெளிச்சம் எகிறி அக்கரைச் சுவரில் அவர் நிழல் விழுந்தது. போன படகுகள் அத்தனையும் கரை சேர்ந்தன. அவர் மன்னிப்பு கிடைக்காமலே போனார், சில வருஷத்தில் செத்தும் போனார். விளக்கு இன்னும் வரவில்லை. அவளும் இன்னும் தூங்கவில்லை. புதிதாக அச்சடித்த கடல் வரைபடத்தில் எங்கள் தீவின் பக்கத்தில் 'வெள்ளை ஒளி, நிலையானது' என்று போட்டிருக்கிறார்கள். மாலுமிகள் அதை நம்பித்தான் வருகிறார்கள்.