ஏழாம் நம்பர் சீட்டு

டப்பாவுக்குள் கைவிட்ட லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஏழாம் நம்பர் சீட்டு வந்தது.

"அதே நம்பர் யார்கிட்ட இருக்கோ, அவங்கதான் உங்க ஜோடி," என்றாள் டீச்சர். "ரெண்டு பேருக்கும் பொதுவா மூணு விஷயம் கண்டுபிடிக்கணும். அஞ்சு நிமிஷம். முன்னாடி வந்து சொல்லிட்டு, ஆளுக்கொரு தாள்ல எழுதியும் தரணும்."

பத்தாவது முடிக்காத பெரியவர்களுக்கான மாலை வகுப்பு. முதல் நாள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இருபது பேர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். ஃபோர்மேன் ஆகப் பத்தாவது சான்றிதழ் வேண்டும். பன்னிரண்டு வரை படித்ததாகக் கல்யாணத்தின்போது அவன் விட்ட கதையை மனைவி இன்றுவரை நம்புகிறாள். அவள் கணக்கு டீச்சர் வேறு. தெரிந்தால் தொலைந்தான்! அதற்காகவே இரண்டு பஸ் மாறி இந்தப் பள்ளியைப் பிடித்திருந்தான்.

"ஏழு யாருங்க? ஏழு?"

கடைசி பெஞ்சில் ஒரு நோட்டு யாருடைய முகத்தையோ மறைத்தபடி நின்றது. கீழே தெரிந்த ஷூ, போன மாதம் அவனே வாங்கிக் கொடுத்தது. நடைப்பயிற்சிக்காக.

"அத்தை?"

நோட்டு இறங்கியது. மாமியார்!

"கத்தாதீங்க மாப்பிள்ளை. உங்களுக்கு இன்னிக்கு ஓவர்டைம் இல்ல?"

"உங்களுக்கு வாக்கிங் இல்ல? அத்தை, நீங்க பத்தாவதுல கணக்குக்கு நூத்துக்கு நூறுன்னு..."

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே உங்க பொண்டாட்டிய படிக்க வெச்சேன்! நான் பரீட்சையே எழுதல. இப்ப சர்டிபிகேட் கேக்குறா. ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டணுமாம்."

"என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க."

"நீங்க வாயை மூடினா நானும் மூடிக்கறேன்."

டீச்சர் கை தட்டினாள். ஏழாம் ஜோடி முன்னால் போய் நின்றது.

"ரெண்டு பேரும் கணக்குன்னா ஓடிடுவோம்," என்றாள் மாமியார்.

"ரெண்டு பேரும் வீட்ல பொய் சொல்லிட்டு வந்திருக்கோம்," என்றான் மெக்கானிக்.

"மூணாவது?" என்றாள் டீச்சர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமியாரே சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரே பொம்பளைக்குப் பயப்படுறோம்."

வகுப்பே அதிர்ந்தது. சிரிப்புக்கு நடுவே பெஞ்சுக்குத் திரும்பி மெக்கானிக் மூன்றையும் தாளில் எழுதி முடித்ததும் மாமியாரின் போன் அடித்தது. மகள்!

"பார்க்குலதான் கண்ணு, நடந்துட்டிருக்கேன்."

"எட்டாம் நம்பர், வாங்க!" என்று கூப்பிட்டாள் டீச்சர். மாமியார் அவசரமாக போனை அணைத்தாள். பத்தே விநாடி. மெக்கானிக்கின் போன். மனைவி!

"சைட்ல இருக்கேம்மா. லிஃப்ட் மேல நிக்கறேன்."

"எட்டாம் நம்பர் எங்கப்பா? சீக்கிரம்!" டீச்சரின் குரல் சுவரில் மோதித் திரும்பியது.



"பார்க்குலயும் எட்டாம் நம்பர். லிஃப்ட் மேலயும் எட்டாம் நம்பரா?" என்றாள் மனைவி. "காலைல தலையணை உறை மாத்தினேன். அம்மாவோட உறைக்குள்ள பத்தாவது கணக்குப் புத்தகம். ஸ்க்ரூடிரைவர் தேடி உங்க டூல் பாக்ஸைத் திறந்தேன். அதுலயும் ஒண்ணு."

மெக்கானிக் போனைக் கையால் பொத்திக்கொண்டான். "கோவமா?"

"வீட்டுக்கு வாங்க, அதுக்குத் தனியா நேரம் ஒதுக்கியிருக்கேன். நாளையிலேருந்து காலைல அஞ்சு மணிக்கு ரெண்டு பேருக்கும் நான் கணக்கு எடுக்கறேன். பாஸ் பண்ணியாகணும். இன்னொண்ணு, அம்மாவைப் பக்கத்துல உக்கார விடாதீங்க. காப்பி அடிப்பாங்க."

"அத்தையா? சேச்சே!" என்று திரும்பினான்.

அவன் தாளைப் பார்த்து மூன்றாவது வரியை எழுதிக்கொண்டிருந்த மாமியார், சட்டென்று பேனாவை மூடினாள்.