மௌனசாமியின் கணுக்கால்

எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு மனிதர்கள் மேல் மரியாதை மிஞ்சுவதில்லை என்று அவள் அடிக்கடி சொல்வாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றால் பிடிக்கத் தெரியாதவர்கள்தான் வெளியே போய் ஊரையே அதட்டிக்கொண்டிருப்பார்கள். கையை அசைக்காதே என்றால் அசைப்பார்கள். மோதிரத்தைக் கழற்று என்றால் ஏதோ சொத்தை எழுதிக் கேட்டதுபோல விழிப்பார்கள். வருஷக்கணக்காக இதைப் பார்த்துப் பார்த்து, எதிரே வருகிற யாரையும் மேலிருந்து கீழாக ஒருமுறை அளந்து, உதட்டைச் சுழித்து, வேறுபக்கம் திரும்பிக்கொள்வது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். நான்கு நாள் விடுப்புப் போட்டு மலைக்குத் தனியாக நடக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, தம்பி சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்.

"யாரோட?"

"தனியான்னு சொன்னேனே."

"அதான், யாரோட தனியா?"

தம்பி மனைவிக்கு வேறு கவலை. "அங்க போய் என்ன அண்ணி பண்ணுவீங்க?"

"நடப்பேன்."

"நடக்கறதுக்கா அவ்வளவு தூரம்? மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு."

மறுபடி எடுக்கவேண்டிய மங்கல் படத்தைப் பார்ப்பதுபோல இருவரையும் பார்த்துவிட்டு அவள் பை கட்டப் போனாள்.

பஸ் நிற்கிற கடைசி ஊரிலிருந்து பாதை ஏறி, பாதி மலையில் ஒரு தங்குமிடத்தைத் தொட்டு, மேலே கணவாயைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பேச்சுத்துணை இல்லாமல் நடக்கத்தான் அவள் வந்தாள். ஆனால் மலையிலும் மனிதர்கள்தான் இருந்தார்கள். பாட்டுப்பெட்டியை முதுகில் அலறவிட்டு ஒரு கும்பல் போயிற்று. புதுச் செருப்பு கடித்து, அதற்குப் புருஷனைக் கடித்துக்கொண்டு ஒருத்தி போனாள். இவர்கள் எல்லாம் மொட்டை மாடியோடு நின்றிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

தங்குமிடத்தில் சாப்பாட்டு மேஜையின் நடுநாயகமாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். தாடி, கழுத்தில் விசில், இடுப்பில் உறையோடு ஒரு கத்தி. அந்தக் கத்தி வெங்காயம்கூட அரிந்திருக்காது. ஊர் ஊராகத் தனியே நடந்து அதைப் படமெடுத்துப் போடுகிறவனாம். நிறையப் பேர் பார்க்கிறார்களாம். சுற்றிலும் இருந்தவர்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மலை நம்மகிட்ட பேசும். நாம வாயை மூடினா போதும்," என்றான். சூப் ஆறும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொன்னான். மௌனத்தைப் பற்றி இப்படி மூச்சுவிடாமல் பேசுகிறவனுக்கு அவள் அங்கேயே மௌனசாமி என்று பெயர் வைத்தாள்.

"அக்கா, நீங்க எதைத் தேடி வந்தீங்க?" என்று அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நான் எதையும் தொலைக்கல. அந்த உப்பை இப்படித் தள்ளுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் கிளம்பியபோதே அவனும் கிளம்பினான். வேகமாக நடந்து பார்த்தாள். தனிமையின் மகிமையைச் செல்போனிடம் விளக்கியபடி அவன் பின்னாலேயே வந்தான். கணவாய்க்குக் கீழே பாறைச் சரிவில், முகமும் சிகரமும் ஒன்றாக விழவேண்டும் என்பதற்காகப் பின்பக்கமாக நடந்தான். இரண்டு கற்களுக்கு நடுவே கால் மாட்டிக்கொள்ள, பையோடு சாய்ந்தான்.

"அம்மா!"

இரண்டு நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான வார்த்தை என்று நினைத்தபடி அவள் திரும்பி வந்தாள்.

"உடைஞ்சிடுச்சு அக்கா. சத்தம் கேட்டுச்சு."

காலுறையைக் கழற்றினாள். கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கத் தொடங்கியிருந்தது. அங்கே புடைத்திருக்கும் எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும். படம் வருவதற்கு முன் வாயைத் திறக்காதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களைத் திட்டுகிறவளும் அவள்தான். ஆனால் அவன் ஒரு கையில் அந்தச் செல்போனை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுளுக்கு," என்றாள்.

"நிச்சயமாவா?"

"நான் எக்ஸ்ரேல இருக்கேன். தினமும் இதே பொழைப்பு. நெசமா ஒடைஞ்சவன் இவ்வளவு பேசமாட்டான். எந்திரிங்க."

தான் மட்டும் தங்குமிடத்துக்கு இறங்கி, தூக்கிப்போக ஆட்களை அனுப்பியிருக்கலாம். தூளியில் படுத்து வானத்தைப் பார்த்து இவன் ஆற்றப்போகும் சொற்பொழிவை நினைத்தபோது அந்த எண்ணமே கசந்தது. கணுக்காலை இறுக்கிக் கட்டி, தன் ஊன்றுகோலைக் கொடுத்து, அவனுடைய பையை முன்னால் மாட்டிக்கொண்டு நடக்கவிட்டாள். கணவாய் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. இந்தக் கோமாளிக்காக அதை விட்டு இறங்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம் அவளுக்கு ஒவ்வொரு அடியிலும் ஏறிக்கொண்டே போனது.

வழியெல்லாம் அவன் பேசவில்லை. முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தான். கடைசியில் வாய் மூடிற்றே என்று அவள் சந்தோஷப்பட்டாள். இரண்டு தடவை உட்காரட்டுமா என்று கேட்டான்.

"உக்காந்தா மரத்துப்போகும். நடங்க."

நடந்தான்.

தங்குமிடத்துக்காரர் ஜீப் பிடித்துக் கீழே ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவளும் ஏறிக்கொண்டாள். அவள் போகவேண்டிய அவசியமே இல்லை. 'பார், சுளுக்கு' என்று படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சின்ன ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறையில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தானும் அதே வேலை என்று அவள் சொன்னதும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டினார். கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் சாய்வாக ஓடியது முறிவு. இரண்டு பாதியும் விலகி நின்றன. முதல் நாள் சேர்ந்த பயிற்சிப் பெண்கூடச் சொல்லிவிடுவாள்.

"இதோடவா நடந்து வந்தாரு? எந்த முட்டாள் நடக்க விட்டது?"

"நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்ன வேலைன்னு சொன்னீங்க?"

அப்படியே இருந்திருந்தால் கட்டோடு போயிருக்கலாம், நடந்ததில் எலும்பு நகர்ந்துவிட்டது, தகடு வைக்கவேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் வராந்தா பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மன்னிப்புக் கேட்க எழுந்து போனாள். கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. என்ன சொல்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது, ஒன்றும் தெரியவில்லை.

உள்ளே அவன் மாவுக்கட்டுக் காலை நீட்டிப் போட்டு, செல்போனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். தங்குமிடத்தில் பார்த்த இரண்டு பேர் கட்டிலோரம் நின்றார்கள்.

"இதோ வந்துட்டாங்க! இவங்க எக்ஸ்ரேல வேலை பாக்குறவங்க. உடைஞ்சது அவங்களுக்குப் பாத்ததுமே தெரியும். ஆனா சுளுக்குன்னாங்க. ஏன்? காலு உடைஞ்சாலும் மனசு உடையக் கூடாதுன்னு. 'நடங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை!"

நின்றவர்கள் கை தட்டினார்கள்.

"அப்படியில்ல," என்றாள். "எனக்குத் தெரியாது. சரியாப் பாக்கல. சுளுக்குன்னுதான் நினைச்சேன். உங்க காலு இன்னும் மோசமானது என்னாலதான். மன்னிச்சிடுங்க."

அவன் சட்டென்று செல்போனை அணைத்தான். மற்ற இருவரையும் டீ வாங்கிவர அனுப்பினான்.

"விடுங்கக்கா. இந்தத் துண்டை வெட்டிடறேன். நான் சொன்னதே நல்லா இருக்கு."

"அது பொய்."

"கேக்குறவங்களுக்குத் தெம்பா இருக்குல்ல? நீங்க சொல்றது யாருக்கு வேணும்?"

அவளுக்கு வேண்டியிருந்தது. "அவ்வளவு தூரம் வலிக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"உயிரே போச்சு. நாலஞ்சு தடவை படுத்துடலாம்னு பாத்தேன்." அவன் மாவுக்கட்டைத் தடவினான். "ஆனா நீங்க ஒரு மாதிரி பாத்துட்டே வந்தீங்க. புழுவைப் பாக்குற மாதிரி. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் நடந்தேன்."

"இதைச் சொல்லுங்களேன் போன்ல."

"வேணாம்கா. அசிங்கமா இருக்கும்."

யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. டீ வந்துவிட்டது. அவன் முகத்தைத் துடைத்து, தாடியைச் சீவி, மறுபடி செல்போனைத் தட்டினான். பழைய குரல் வந்தது. அவளுக்கும் பழைய அருவருப்பு வந்தது. ஆனால் முன்போல அதில் சுகம் இல்லை. நடிக்கிறவன்தான், புளுகன்தான், அந்தக் காலோடு அத்தனை தூரம் நடந்தவனும் அவன்தான். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அவளால் உதட்டைச் சுழித்துத் தள்ள முடியவில்லை.

விடுப்பில் ஒரு நாள் பாக்கி இருந்தது. விடிந்ததும் மலைக்குப் போகிற ஒரு ஜீப்பில் ஏறி, தங்குமிடத்தில் இறங்கி, மறுபடி நடந்தாள். வழியில் அன்றைக்கு யாருமே இல்லை. பாட்டுப்பெட்டி இல்லை, சொற்பொழிவு இல்லை. இதற்காகத்தான் வந்தாள். ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே, தான் ஊரார்மேல் வைக்கிற அந்தப் பார்வையை யாரோ தன்மேல் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வருவதுபோல இருந்தது. மேலிருந்து கீழாக ஓர் அளவு, ஓர் உதட்டுச் சுழிப்பு. திரும்பிக்கொள்ள வேறு பக்கம் இல்லை.

பாதியில் இறங்கிவிடலாமா என்றுகூட யோசித்தாள். இறங்கவில்லை. பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு, கணவாய்வரை அந்தத் துணையோடேயே போனாள்.