தாமாக முன்வந்தவர்கள்

இந்த மேசைக்கு முன்னால நின்னுதான் அவன் பேரைச் சொன்னேன். அப்ப இதச் சுத்திக் கயிறு கட்டல.

இப்படி நினைத்தபடி சின்னத்தாய் கயிற்றுக்கு இப்பால் நின்றுகொண்டிருந்தாள். கோலா சிலாங்கூரில் கேப்டன் காளியண்ணன் குடியிருந்த பலகை வீட்டைக் காட்சியகமாக்கித் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கயிற்றுக்குள் அவருடைய மேசை இருந்தது; தொப்பியும் பூட்ஸும் கண்ணாடிக்குள் இருந்தன. சுவரில், சப்பான்காரன் காலத்தில் அவர் இருந்த இந்திய விடுதலைப் படையில் சேர்ந்த தோட்டத்து ஆட்களின் பெயர்கள். மேலே ‘தாமாக முன்வந்த வீரர்கள்’ என்று எழுதியிருந்தது. பதினோராவது பெயர் முருகையா, அவள் தம்பி.

“மாமா பேரு எவ்ளோ பெருசா போட்டிருக்காங்க பாருங்கம்மா,” என்றாள் மகள் புஷ்பவள்ளி. “இனிமே நீங்க வீரரோட அக்கா லா. என்னை ஏசுறதா இருந்தாலும் மரியாதையா ஏசணும்.”

சின்னத்தாய் சிரிக்க முயன்றாள்.

முருகையாவுக்கு அப்போது பதினெட்டு வயது. சப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு லயத்துப் பையன்களின் பெயரை, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் எழுதிக்கொண்டிருந்தார். போனவர்கள் அங்கே செத்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு. அவன் ஆற்றோரக் காட்டில் ஒளிந்துகொண்டான். மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோன சின்னத்தாயிடம், “சயாமும் வேணாம், பட்டாளமும் வேணாம். ஆளச் சுட எனக்கு வராதுக்கா,” என்றான். கேப்டனின் படையில் இருந்தால் சோறாவது கிடைக்கும், உயிராவது மிஞ்சும் என்று அவளாகவே முடிவு கட்டினாள். இந்த மேசைக்கு முன்னால் வந்து அவன் பெயரையும் ஒளிந்திருந்த இடத்தையும் சொன்னாள்.

மறுநாள் அவனை லோரியில் ஏற்றினார்கள். காட்டிக்கொடுத்தது யாரென்று அவனுக்குத் தெரியாது. “அழுவாதக்கா,” என்று அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னான். பர்மாவிலிருந்து அவன் திரும்பவில்லை. தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர் இன்றும் இருக்கிறார். சந்தையில் அவரைக் கண்டால் சின்னத்தாய் வேறு பக்கம் போய்விடுவாள்.

காட்சியகச் செயலாளர் தனபாலன் டேப் ரெக்கார்டரோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தா போட்டுக் காட்டத்தாம்மா. தம்பி எப்படி ஆசையா கெளம்பிப் போனாருன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

“ரெண்டா? அம்மா ஆரம்பிச்சா கேசட் பத்தாது சார்,” என்றாள் புஷ்பவள்ளி.

அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நாடா சுழலத் தொடங்கியது. உள்ளதைச் சொன்னால் இந்த மகள் இனி எந்தக் கண்ணால் தன்னைப் பார்ப்பாள்? அவர் கேட்டதைச் சொன்னாலோ, அன்று போலவே இன்றும் அவனைக் கேட்காமல் அவனுக்காகப் பேசியதாகிவிடும்.

தனபாலன் தலையசைத்து ஊக்கப்படுத்தினார்.

“அவன் ஆசையா போனான்னு நான் சொல்லமாட்டேன் சார்,” என்றாள் சின்னத்தாய், மெதுவாக.