எழுமாற்றுத் தெரிவு

ஆய்வு முன்மொழிவுக்கான இலக்கிய மீளாய்வைச் செசீலியா ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டாள். வாவியின் இறால் பிடிப்பைப் பற்றி யார் என்ன எழுதியிருந்தாலும், படிக்க நூலகம் திறந்திருக்க வேண்டுமே! பாதி நாள் ஹர்த்தால், மீதி நாள் ஊரடங்கு. கிடைத்த ஏழெட்டுக் கட்டுரைகளை வைத்துப் பக்கத்தை நிரப்பினாள். அவள் உயிரை வாங்கியது முறையியல்தான்.

மேற்பார்வையாளர் வினாயகமூர்த்தி மறுபடியும் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "தெரிஞ்ச ஆக்களிட்ட கேட்டு எழுதுறது ஆய்வில்ல, பிள்ள. எழுமாற்றுத் தெரிவு வேணும். எல்லார்ர பேரையும் துண்டில எழுதிப் போட்டு, கண்ண மூடிக்கிட்டு எடுங்க. ஒரு ஊரில செஞ்சு பாத்து, அதையும் எழுதிக் கொண்டாங்க."

திங்கட்கிழமைக்குள் முன்மொழிவு போகாவிட்டால் முதுமாணிப் படிப்புக்கான இடம் கைநழுவிவிடும். இன்னொரு வருடம் இப்படியே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. இருப்புக் கொள்ளாமல் அன்றே பஸ் ஏறினாள்.

களுவாஞ்சிக்குடிக்கு அப்பால், வாவிக்கரையில் ஒரு மீன்பிடி ஊர். மீனவர் சங்கத் தலைவர் சாமித்தம்பியின் வீட்டில் தங்கி, அவரிடம் மீனவர்களின் பெயர்களைக் கேட்டுத் துண்டுகளில் எழுதி, ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டாள். "எல்லாரையும் நாளைக்குக் காலையில பள்ளிக்கூட வளவுக்கு வரச் சொல்லுங்க" என்றாள். வீடு வீடாக அலையாமல் வேலை முடிந்துவிடும் என்பது அவள் நினைப்பு. சாமித்தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் அவசரத்தில் அதைக் காதில் வாங்கவில்லை.

காலையில் ஊரே வந்திருந்தது. செசீலியாவுக்கு முதலில் சந்தோஷம். பிறகுதான் கவனித்தாள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம் என்று யாரும் சொல்லாமலே வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஆண்களின் கையில் அடையாள அட்டை. குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் ஆட்களைக் கூப்பிடுவதும் பள்ளிக்கூட வளவுக்குத்தான். டவுனில் அவளே அப்படிக் குந்தியிருந்தவள். எப்படி மறந்தாள்? முறையியல் கண்ணை மறைத்துவிட்டது.

ஆனாலும் திங்கட்கிழமை என்று ஒன்று இருந்ததே. பேணிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, "அழகரத்தினம்" என்று வாசித்தாள்.

மெலிந்த மனிதர் ஒருவர் எழுந்தார். மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். பெண்கள் பக்கமிருந்து அவர் மனைவி அன்னப்பூரணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அக்கா. இறாலப் பத்திக் கொஞ்சம் கேட்டுட்டு விட்டுருவன்" என்றாள் செசீலியா.

"எங்கட மூத்தவனையும் கேட்டுட்டு விடுறம் எண்டுதான் ஆமி ட்ரக்கில ஏத்தினவங்க, பிள்ள."

செசீலியாவுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. படிப்பாவது, இடமாவது! பேணியை மூடி நிலத்தில் வைத்தாள். "எனக்கு ஒண்டும் வேணாம். எல்லாரும் வீட்ட போங்க" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்னப்பூரணி மட்டும், புருஷனின் கையை விடாமலே, மெதுவாகக் கேட்டாள்.

"இவரையும் கூட்டிக்கிட்டுப் போகலாமா, பிள்ள?"