ஆணியின் காது

மருத்துவமனையின் காதுப் பிரிவில் கேட்கும் திறனைச் சோதிக்கும் அந்தப் பெண்ணுக்கு வயது ஐம்பத்துநான்கு. "சத்தத்தைக் குறைச்சு வெச்சுக் கேளுங்க, போன காது திரும்பி வராது" என்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்வது அவள் வேலை. விடுமுறை வந்தால் பங்க் ராக் கச்சேரிக்குப் போய், ஆளுயர ஸ்பீக்கரின் முன்னால் நின்று தலையை ஆட்டுவது அவள் வாழ்க்கை. இடது காது பாதிதான் கேட்கும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? பல் மருத்துவருக்குச் சொத்தைப்பல் இருப்பதைப் போன்ற சங்கடம் அது.

எல்லாம் பதினாறு வயதில், தோழியின் அண்ணன் பதிவு செய்து கொடுத்த ஒரு கேசட்டில் ஆரம்பித்தது. 'பழுது' என்று நான்கு பேர் கொண்ட குழு. எந்தப் பாட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. பாடகரை எல்லோரும் 'ஆணி' என்றுதான் சொல்வார்கள். குரல் அப்படி இறங்கும். முதல்முறை அதைக் கேட்ட அவள் அம்மா, "யாரோ கதவுல விரலை நசுக்கிக்கிட்டான் போலிருக்கு, போய்ப் பாரு" என்றாள். மகளுக்கோ, தனக்குள் இருந்த ஏதோ ஒன்று எழுந்து நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டது போலிருந்தது. நன்றாகப் பாடத் தெரிந்ததால் பாடியவர்கள் இல்லை அவர்கள். வாயை மூடிக்கொண்டிருக்க முடியாததால் பாடியவர்கள்.

பழுது ஆறே வருடத்தில் கலைந்து போனது. அவள் கலையவில்லை. அடுத்து, முடியால் முகத்தை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தே கிட்டார் வாசித்தவர்கள் வந்தார்கள், அவர்களுக்காக உருகினாள். முணுமுணுத்துக்கொண்டே போய்த் திடீரென்று கத்துகிறவர்கள் வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து கத்தினாள். இப்போது மகள் அனுப்பி வைக்கும், படுக்கையறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து பாடுகிற பெண்களையும் விடுவதில்லை. யார் பாட்டைக் கேட்டாலும், "இதுவும் பழுதோட பேரப்பிள்ளைதான்" என்பாள். நூலகரான அவள் கணவர், "இருக்கும், இருக்கும். அழுகை அதே மாதிரிதான் இருக்கு" என்று புத்தகத்தைப் புரட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு அம்மாள் தன் கணவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவருக்கு அறுபத்துமூன்று வயது. பின்னல் ஸ்வெட்டரும் பளபளக்கும் ஷூவுமாக, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போலிருந்தார்.

"என்ன வேலை பார்த்தார்? தொழிற்சாலையா?"

"அதைவிட மோசங்க. சத்தமான வேலைன்னு மட்டும் எழுதிக்கோங்க" என்றார் மனைவி.

அவரைக் கண்ணாடி ஜன்னல் வைத்த சோதனை அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, விசில் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். இவள் விசிலே கொடுக்காதபோதும் அவர் அழுத்திக்கொண்டிருந்தார்.

"சார், நான் இன்னும் ஒண்ணும் கொடுக்கலையே."

"உள்ளே முப்பத்தஞ்சு வருஷமா ஒருத்தன் விசிலடிச்சுக்கிட்டே இருக்கான். அவனுக்கும் சேர்த்து அழுத்தினேன்."

அடுத்தது சொற்சோதனை. இவள் ஒரு சொல்லைச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'மரம்' என்றாள், 'பரம்' என்றார். 'கூடு' என்றாள், சரியாகச் சொன்னார். 'நெருப்பு' என்றாள்.

"நெருப்பு" என்றார் அவர்.

அந்த 'ப்பு'வை அவளுக்குத் தெரியும். முன்வரிசையில் நின்று அதன் எச்சிலையே முகத்தில் வாங்கியிருக்கிறாள்.

எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தாள். "நீங்க ஆணிதானே? உங்க பாட்டு இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியலை சார்."

அவர் பணிவாகத் தலையசைத்தார். "இல்லைங்க, சர்க்கரையெல்லாம் கிடையாது."

"நான் உங்க ரசிகை."

"ரத்தக்கொதிப்பும் இல்லை."

அவள் சோர்ந்துபோய் மனைவியின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "எல்லாமே உயிருங்க எனக்கு. அந்த மூணாவது ரெக்கார்டு மட்டும்தான் கொஞ்சம்..." என்றாள்.

"மூணாவது ரெக்கார்டுக்கு என்ன?" என்றார் ஆணி.

"அதுல வயலின் வெச்சீங்க சார்."

"வெச்சா?"

"பழுதுல வயலினா?" முப்பது வருடத்துக்கு மேலாக அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி, அவருக்குக் கேட்க வேண்டிய அளவு சத்தத்தோடு வெளியே வந்தது. "மூணு நாள் சாப்பாடு இறங்கலை எனக்கு."

"எனக்குந்தான் இறங்கலை. அந்த வயலினாலதான் டிரம்ஸ்காரன் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசலை. ஆனா அது நல்ல வயலின்."

"அழுமூஞ்சி வயலின்."

நர்ஸ் கதவைத் திறந்து, "மேடம், வெளியே எல்லாருக்கும் கேக்குது" என்றாள். நர்ஸின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர், "எனக்கே கேட்டுச்சு. அப்ப எனக்கு டெஸ்ட் வேணாமில்ல?" என்று எழுந்து போகப் பார்த்தார்.

இவ்வளவு கத்திய பிறகு மிச்சத்தையும் மறைப்பானேன் என்று தோன்றியது அவளுக்கு. "என் இடது காது போனதே உங்களாலதான்" என்றாள். "மார்க்கெட்டுக்குப் பின்னாடி, பழைய கிடங்குல வாசிச்சீங்களே, அன்னிக்கு."

அவர் கையைத் தலைக்குமேல் தூக்கி உயரம் காட்டினார். "மேடைக்கு அந்தக் கோடியில பெரிய கறுப்பு ஸ்பீக்கர்?"

"அதேதான்."

"அதுதான் எனக்கு வலது காதைத் தின்னுச்சு."

அதற்குமேல் இருவருக்கும் சண்டை போட மனம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காது மெஷின் பொருத்த வந்தார்கள். அவள் அதை மாட்டி, திருகி, சரிபார்த்தாள். ஆணி சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலி முனகியது, ஃபேன் முனகியது, பக்கத்தில் மனைவி எதையோ முனகினார். "என்ன சொன்னே?" என்றார் அவர். மனைவிக்கு முகம் தொங்கிவிட்டது. "போச்சு. இனிமே மனசுக்குள்ளதான் திட்டணும்."

பிறகு அவள் பழுதின் முதல் ரெக்கார்டைப் போட்டாள். ஆணி கண்ணை மூடிக் கேட்டார். அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்தார்.

"பாஸ் கிட்டார்காரன் வேற ஏதோ பாட்டு வாசிக்கிறான்."

"ஆமா சார்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பத்தெட்டு வருஷமாத் தெரியும். ரசிகருங்க எல்லாருக்கும் தெரியும். அதுதான் அழகுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. வேணும்னே செஞ்சீங்கன்னு நினைச்சோம்."

ஆணி அங்கேயே, அப்போதே போனை எடுத்து, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றுவிட்ட அந்த பாஸ் கிட்டார் நண்பரைக் கூப்பிட்டார். "டேய், முதல் பாட்டுல நீ என்ன வாசிச்சே?"

மறுமுனை சற்றும் தயங்கவில்லை. "ரெண்டாவது பாட்டு. நீ போட்ட கூச்சல்ல எது ஓடுதுன்னே எனக்குத் தெரியலை. முடிஞ்சதும் நீ கட்டிப்பிடிச்சே. சரி, நல்லாத்தான் இருந்திருக்குன்னு விட்டுட்டேன்."

ஆணி சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் இருமினார். தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. "என்னடா, எதுக்குச் சிரிக்கிறே?" என்று போன் மூன்று முறை கேட்டது. பதிலுக்கு இவர் சொன்னதும் அங்கே காதில் விழவில்லை. அடுத்த செவ்வாய் அந்த நண்பரையும் வரச்சொல்லி அவள் நேரம் குறித்தாள்.

கிளம்பும்போது ஆணி வாசலில் நின்றார். "எல்லார் காதையும் நீங்க பாக்கறீங்க. உங்க காதை யார் பாக்கறது?"

அவள் மழுப்பினாள். அவர் விடவில்லை. கடைசியில் அவளே கண்ணாடி அறைக்குள் போய், வலது காதை அடைத்துக்கொண்டு, இடது காதில் ஹெட்ஃபோனை மாட்டி உட்கார்ந்தாள். வெளியே மைக்கின் முன்னால் ஆணி சொற்பட்டியலைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"மெதுவாப் படிங்க சார்."

"எனக்கு மெதுவா வராது."

கூடு, மரம், பாலம், நெருப்பு. ஒவ்வொரு சொல்லையும் மேடையில் வீசுவது போல வீசினார். நர்ஸ் வந்து எட்டிப்பார்த்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போனாள். இருபதுக்கு இருபது. இந்தச் சோதனை செல்லாது என்று அவளே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது கண்கள் மங்கலாக இருந்தன.

மறுநாள் சக ஊழியர் முறைப்படி சோதித்தார். பத்து நாளில் அவளுக்கும் மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு, அறைக் கதவைச் சாத்தி, முதல் வேலையாக மூன்றாவது ரெக்கார்டைப் போட்டு முழுக்கக் கேட்டாள். மாலையில் ஆணிக்கு போன் செய்து, வயலின் அவ்வளவு மோசமில்லை என்று ஒப்புக்கொண்டாள்.