ஜாமீன் வேண்டாம் என்றவன்

சட்டக் கல்லூரி நான்காம் ஆண்டு மாணவி வைஷாலிக்கு நிதின்தான் முதல் கட்சிக்காரன். வயது பதினாறு. கோவளத்தில் படகு என்ஜின் ஒன்றைத் திருடியதாக வழக்கு. செங்கல்பட்டில், சிறார் வழக்குகளை விசாரிக்கும் குழுமத்தின் முன் இலவச சட்ட உதவி வக்கீல் ஜெபகுமார் பேசுவார். குழும வளாகத்தின் அறையில் காத்திருந்த பையனிடம் விவரம் கேட்டு வருவது அவள் வேலை. மனு போட்டால் ஜாமீன் கிடைத்துவிடும். பையனோ வேண்டாம் என்றான்.

ஏன் என்ற கேள்வி அவளைக் குடைந்தது. "என்கிட்ட சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முந்திக்கொண்டாள்.

சொன்னான். வீட்டோடு இருக்கும் தாய்மாமன் மோசஸ்தான் என்ஜினைத் தூக்க வைத்தது. திரும்பிப் போனால் இன்னொன்று தூக்கணும். மாட்டேன் என்றால் அம்மாவுக்கு அடி விழும்.

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வக்கீலிடம் சொல்லாவிட்டால் அவர் ஜாமீன் வாங்கி அந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார். சொன்னால் பையன் இனி யாரை நம்புவான்?

வராந்தாவில் ஜெபகுமார், "இன்னாம்மா, அவன் வாயைத் திறந்தானா, நீயே பேசிட்டு வந்தியா?" என்று சிரித்தார். அவள் மறுபடி உள்ளே போனாள்.

"நிதின், நான் அப்படிச் சொன்னது தப்பு. வக்கீல் சாருக்குத் தெரியணும். அவரும் வெளியே சொல்லக் கூடாது."

"அதுக்குள்ள பல்டியா? நல்லா வருவேக்கா நீ."

"திட்டிக்கோ. எதைச் சொல்லலாம்னு நீயே சொல்லு."

யோசித்தான். "படாளத்துல ரெபேக்காள் பெரிம்மா கீது. அங்க போறேன்னு சொல்லு. மாமா விஷயம் சாரோட நிக்கணும்."

போன் போனதும் பெரியம்மா பஸ் ஏறி வந்துவிட்டாள். "தாய் இருக்கும்போது எதற்குப் பெரியம்மா?" என்று குழுமத்தின் தலைவரான மாஜிஸ்திரேட் கேட்டார். "பையனின் விருப்பம், ஐயா. காரணத்தைச் சொல்ல அவன் தயாராக இல்லை" என்றார் ஜெபகுமார். மாஜிஸ்திரேட் தாய் ரூத்தைப் பார்த்தார். அவள் கேள்வி வருமுன்பே சம்மதம் என்று தலையாட்டினாள். நிதினை ஜாமீனில் பெரியம்மாவோடு அனுப்ப உத்தரவானது.

வெளியே வந்ததும் ரூத் வைஷாலியின் கையைப் பிடித்தாள். "எம்புள்ள உன்கிட்ட இன்னா சொன்னான்?"

"அவன்தான்மா சொல்லணும்."

"நல்லா படிக்கவெச்சிகிறாங்க உன்ன." ரூத் கையை விடவில்லை. "பையன் எங்கன்னு எங்கண்ணன் கேக்கும். நான் இன்னா சொல்றது? என் கேசையும் எடுத்துக்கிறியா?"

வைஷாலி அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஜெபகுமாரிடம் ஓடினாள்.

"சார், இந்த அம்மாவுக்கு ஒரு வக்கீல் வேணும். இன்னைக்கே."

"ஏன், நாம இல்லையா?"

"நாம நிதின் பக்கம் சார். இவங்களுக்காகவும் பேசப் போனா அவன் சொன்ன ரகசியம் வெளிய வரும். இவங்களுக்குன்னு தனியா ஒருத்தர் வேணும்."