மேலே இருக்கிற சார்

மேலாளர் போன் பதிவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். அந்தச் சின்ன அறையில் ஏசி மட்டும்தான் யாருக்கும் பயப்படாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர். இந்தப் பக்கம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் சூப்பர்வைசரான அவளும், அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் கணீரும். கணீர் என்பது ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து அவனுக்கு வைத்த பெயர். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். வாயைத் திறந்தால் மட்டும் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் பேசுகிற மாதிரி இருக்கும்.

"சார், மெஷின் கத்திக்கிட்டே இருக்கு. அவருக்கு லேசா மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடட்டுமா?" என்றது பதிவில் வயதான ஒரு பெண் குரல்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூச்சுவிடுகிற நேரம்தான். பிறகு கணீரின் குரல், தேனில் குழைத்த மாதிரி. "வேண்டாம்மா, இப்ப அவரை அலைக்கழிக்காதீங்க. ஸ்பேர் சிலிண்டரை மாட்டிவிடுங்க. காலையில முதல் வேலையா உங்க வீட்டுக்குத்தான் ஆள் வருவாரு. சூப்பர்வைசர் சொல்றேன், என் பொறுப்பு."

ஆள் சொன்னபடி காலையில் முதல் வேலையாகத்தான் போனான். கதவு விரியத் திறந்திருந்ததாம். வாசலில் அத்தனை செருப்புகளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டதாம். டூல்ஸ் பெட்டியைக் கையில் பிடித்தபடி தெருமுனை வரை நடந்துபோய், அங்கிருந்துதான் ஆபீஸுக்குப் போன் செய்தான். இப்போது அந்த வீட்டுப் பையன் வெளியூரிலிருந்து வந்து, அப்பாவைக் கொன்றுவிட்டீர்கள் என்று கம்பெனித் தலைமைக்கு எழுதிப் போட்டிருக்கிறான்.

நிறுவனத்தின் தொழில் மூச்சுக்கருவி வாடகைக்கு விடுவது. நுரையீரல் சரியில்லாதவர்களின் வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்கும் பெட்டி. அது கத்த ஆரம்பித்தால் வீட்டில் இருப்பவர்களும் கத்த ஆரம்பிப்பார்கள். அப்படிக் கத்துகிறவர்கள் முதலில் போனை எடுத்த பெண்ணிடம் கொஞ்சநேரம் பேசிவிட்டு, "உனக்கு மேல யாரு இருக்கா, அவரைக் கூப்பிடு" என்பார்கள். மேலே இருந்தது அவள்தான். ஆனால் அவள் லைனில் வந்து, "சொல்லுங்க, நான் சூப்பர்வைசர்" என்றதும் எதிர்முனையில் ஒரு சலிப்பு கேட்கும். "நீயும் பொம்பளதானேம்மா. ஆம்பள யாராச்சும் இருந்தா குடேன்."

சூப்பர்வைசர் ஆன புதிதில் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தான்தான் பெரிய ஆள் என்று நிரூபிக்கப் போராடிப் பார்த்தாள். போராட்டத்தில் நேரம் போனதுதான் மிச்சம். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஹெட்செட்டைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டில் இருந்த கணீரின் தலையில் மாட்டிவிட்டாள். அவன், "வணக்கம், சூப்பர்வைசர் பேசறேன்" என்றதும் எதிர்முனை பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனது. அன்றைக்கு அந்த வரிசையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே கையால் சொல்லுவாள், அவன் வாயால் சொல்லுவான். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால், சமாதானப்படுத்து. விரலைக் காற்றில் சுழற்றினால், நாளைக்கு. நெஞ்சில் தட்டினால், பொறுப்பேற்றுக்கொள். அவளுடைய மூளையும் அவனுடைய தொண்டையுமாகச் சேர்ந்து ஒரு நல்ல சூப்பர்வைசரை உண்டாக்கியிருந்தார்கள். வாடிக்கையாளர்கள் அந்த சாரைப் பாராட்டிக்கூட எழுதினார்கள். பாராட்டு பிரிவின் கணக்கில் சேர்ந்ததால் மேலாளரும் எதையும் துருவவில்லை.

அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா ஆஸ்பத்திரி என்று கேட்டதும் கணீர் அவளைத் திரும்பிப் பார்த்தான். போகச் சொல்லட்டுமா என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். போகச் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் போகச் சொன்னால் அது மெஷின் கோளாறு என்று பிரிவின் தலையில் விழும். "எடுத்ததுக்கெல்லாம் ஆஸ்பத்திரின்னு சொன்னா அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?" என்று மேலாளர் அந்த வாரம்தான் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டிருந்தார். லேசாகத்தானே மூச்சு வாங்குது என்று அந்த அம்மாவே சொன்னாள் எனத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். விரலைச் சுழற்றினாள். அவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தான். நெஞ்சில் தட்டினாள்.

பதிவில் கேட்ட அந்தச் சத்தமில்லாத இடம் அவளுடைய கைதான். அந்த அறையில் இருந்த மூவரில் இருவருக்கு அது தெரியும்.

"இந்த இடத்துல ஏன்யா நிறுத்தினே?" என்று மேலாளர் கேட்டார்.

கணீர் அவளைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. "யோசிச்சேன் சார்."

"யோசிச்சுத்தான் இதைச் சொன்னியா? சூப்பர்வைசர்னு சொல்லிக்க உனக்கு யார் அதிகாரம் குடுத்தா?" மேலாளர் அவள் பக்கம் திரும்பினார். "நீ எங்கம்மா இருந்தே அப்ப?"

மூன்று மாதமாகக் காலில் கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கும் கணவன் கண்ணுக்கு முன்னால் வந்தான். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். யாரும் வராமலிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

"வேற ஒரு கால்ல இருந்தேன் சார்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. பல வருஷமாக ஊர் உலகத்துக்கே இதமாகப் பேசிப் பழகிய நாக்கு அது. கணீர் மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டான். அன்று மாலைக்குள் அவனுக்குச் சீட்டுக் கிழிந்தது. தன் தண்ணீர் பாட்டிலையும், மேசையில் வைத்திருந்த மகளின் போட்டோவையும் பையில் போட்டுக்கொண்டான். அவள் வேண்டுமென்றே கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். போகும்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனைச்சேன்க்கா." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அந்தக் குரலைப் பாதியாகக் குறைத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டான். "பதிவுல உன் குரல் இருக்கா?" என்றான். இல்லை என்றாள். "அப்புறம் என்ன, சும்மா இரு. தானா போய் எதுக்குத் தலையைக் குடுக்குறே?" அவன் சொன்னதில் தப்பில்லை. அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள். ஆனால் தான் நினைத்ததை அவன் வாயால் கேட்டபோது அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், போனை எடுத்த பெண் எழுந்து அவளைக் கூப்பிட்டாள். "அக்கா, அந்த வீட்டம்மா லைன்ல இருக்காங்க. மேல இருக்கிற சார்தான் வேணுமாம்."

அவள் ஹெட்செட்டை மாட்டினாள்.

"அந்த சார் இருக்காரா கண்ணு? தன்மையாப் பேசுவாரே, அவரு." கத்துவாள் என்று நினைத்த குரல் கத்தவில்லை. "பையன் என்னமோ எழுதிப் போட்டுட்டானாம். அவன் சின்னதிலிருந்தே முன்கோபி. அதை சார் மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லணும். அப்புறம், அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"என்கிட்ட கேளுங்கம்மா."

அந்த அம்மா தயங்கினாள். பின்னணியில் பெட்டியின் உறுமல் இல்லை. "சார் வீட்டுலயே இருங்கன்னுதான் சொன்னாரு. ஆனா எனக்கு அப்பவே மனசு கேக்கல. எதிர்வீட்டுல கார் இருக்கு, கதவைத் தட்டியிருந்தா வந்திருப்பாங்க. தூக்கத்துல எழுப்பணுமேன்னு நான்தான் தட்டல. தட்டியிருந்தா இவரு பொழைச்சிருப்பாரா? பையன்கிட்ட கேட்டா, உன்மேல தப்பு இல்லம்மான்னு சொல்லுறான். அவன் அப்படித்தானே சொல்லுவான். அந்த சார் விஷயம் தெரிஞ்சவரு. அவர் சொன்னா நம்புவேன்."

எல்லா அழைப்புகளும் பதிவாகும். அது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும். கட்டிலில் கிடப்பவன், பிள்ளைகள், எல்லோரும் மறுபடியும் வரிசையாக வந்தார்கள். இந்தத் தடவை வாய் முந்திக்கொண்டது.

"அம்மா, அது உங்க தப்பே இல்ல. அந்த சார் தப்பும் இல்ல. நான்தான் சூப்பர்வைசர். அவர் பக்கத்துல உக்காந்து, நாளைக்குன்னு சொல்லச் சொன்னது நான். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லட்டுமான்னு என்னைக் கேட்டாரு. நான்தான் வேண்டாம்னேன்."

அந்த வரிசையே தட்டச்சை நிறுத்திவிட்டது. அவள் வசவுக்காகக் காத்திருந்தாள். அந்த அம்மா திட்டினால் ஒரு பாரம் இறங்கும் என்று நிஜமாகவே நம்பினாள்.

"நல்ல பொண்ணும்மா நீ," என்றாள் அந்த அம்மா. "பெரியவங்கள காப்பாத்த பழியை உன் தலையில இழுத்துப் போட்டுக்கிறே. வேலைக்கு ஏதும் வந்துடப் போகுது, இப்படியெல்லாம் சொல்லாத."

"இல்லம்மா, நிஜமாத்தான்..."

"அவரே சொன்னாரே, நான் சூப்பர்வைசர், என் பொறுப்புன்னு. என் காதால கேட்டேனே கண்ணு. நீ அவரைக் கூப்பிடு. வேலையா இருந்தா பரவால்ல, மெதுவா வரட்டும். நான் போனை வெக்க மாட்டேன்."

பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. எதிர்வரிசையில், போன மாதம் சேர்ந்த ஒருவர் எழுந்து நின்றார். நடுவயது, அவருக்கும் கனமான குரல்தான். நல்ல மனசோடுதான் செய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தடுப்புக்கு மேலாக அவளிடம் கையை நீட்டினார், ஹெட்செட்டுக்காக.

எதிர்முனையில், அந்த வீட்டில், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.